எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?

சாவுச் செய்தியைச் சொல்லி முடிப்பதற்குள் போனில் வருகிற கேள்வி இது. கேட்பவர்மேல் தப்பில்லை. அவர் பண்ருட்டியிலிருந்தோ நெய்வேலியிலிருந்தோ பஸ் பிடித்து வரவேண்டும். ஆனால் பதில் சொல்லவேண்டிய வீட்டில் அந்த நேரத்துக்கு எதுவுமே முடிவாகியிருக்காது. எரிப்பதா புதைப்பதா, எந்த மயானம், வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது, டாக்டர் சீட்டு கைக்கு வந்ததா, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்காகக் காத்திருப்பதா என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். அழவேண்டியவர்கள் அலைந்துகொண்டிருப்பார்கள்.

நான் பிறந்தது புதுச்சேரி முத்தியால்பேட்டை. வாழ்க்கைப்பட்டது கடலூர் புதுப்பாளையம். நடுவில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் மாநில எல்லை குறுக்கே ஓடுகிறது. மாமியார், அப்பா, பெரியப்பா, பக்கத்து வீட்டு டீச்சர் என்று இரண்டு ஊரிலும் துக்க காரியங்களில் முன்னால் நின்று பார்த்ததால், இப்போது சொந்தத்தில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடுகிறது. அப்போது சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்று: எப்படி அனுப்பிவைப்பது என்பதை, ஆள் நல்லபடியாக இருக்கும்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். மூச்சு நின்ற பிறகு நேரம் போகப்போக, செய்ய முடிகிற காரியங்கள் ஒவ்வொன்றாகக் கை நழுவிப் போகின்றன.

முதலில் நழுவுவது கண் தானம். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு பக்கம் அழுது, சொந்தக்காரர் வந்து, ஒருவர் சரி என்று சொல்லி இன்னொருவர் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் ஆறு மணி நேரம் ஓடிவிடும். பெரியப்பா ரெட்டியார்பாளையம் வீட்டில் விடியற்காலையில் இறந்தார். பெரியம்மா செய்த முதல் வேலை, அவர் கண்ணிமைகளை மூடிவிட்டு மின்விசிறியை நிறுத்தியது. தலைக்கு அடியில் தலையணை வைத்து உயர்த்தி, ஈரப் பஞ்சை இமைமேல் வைத்தார். பிறகுதான் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையின் கண் வங்கிக்குப் போன் போட்டோம். அவர்களே வீட்டுக்கு வந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. முகம் விகாரமாகிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்: தூங்குகிற மாதிரியேதான் இருந்தார். கண்ணாடி போட்டவர், புரை ஆபரேஷன் ஆனவர், சர்க்கரை உள்ளவர், எல்லோரும் கொடுக்கலாம்.

பெரியப்பாவின் ஆசை அதோடு நிற்கவில்லை. "எனக்குக் கொள்ளியும் வேணாம், கருமாதியும் வேணாம், ஜிப்மர்ல குடுத்துடுங்க, பசங்க படிக்கட்டும்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஜிப்மர் என்பது புதுச்சேரியில் உள்ள மத்திய அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. மருத்துவக் கல்லூரிகளில் உடற்கூறியல் துறைதான் உடல் தானத்தைப் பார்த்துக்கொள்கிறது. உயிரோடு இருக்கும்போதே விருப்பப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, சாட்சிக் கையெழுத்தும் வாங்கித் தந்துவிடலாம். ஆனால் அந்தக் கையெழுத்து மட்டும் போதாது. இறந்த பிறகு வாரிசுகள் மனம் வைத்து, தகவல் சொல்லி, உடலைக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் நடக்கும். அன்றைக்குப் பெரிய அண்ணன் முரண்டு பிடித்தார். "நெருப்பு வெக்காம எப்படிம்மா? நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாங்க?" பெரியம்மா உள்ளே போய்ப் படிவத்தின் நகலை எடுத்துவந்து நீட்டினார். சாட்சி இடத்தில் அவருடைய கையெழுத்தே இருந்தது. "உங்கப்பா கேட்டாரு. நான் சரின்னு சொல்லிட்டேன்" என்றார். அதற்கு மேல் அண்ணன் பேசவில்லை. உடல் தானம் செய்ய நினைப்பவர்கள் சாட்சியாக வீட்டிலேயே பேச்சு எடுபடுகிற ஆளைப் பிடியுங்கள்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். போஸ்ட்மார்ட்டம் ஆன உடல், தொற்று நோயால் இறந்தவர் உடல், கெட ஆரம்பித்த உடல் ஆகியவற்றைக் கல்லூரி ஏற்பதில்லை. அதனால் உடல் தானம் எழுதிவைத்தவர் வீட்டிலும், ஒருவேளை அங்கே வாங்கவில்லையென்றால் எங்கே என்பதைப் பேசி வைத்திருக்க வேண்டும்.

இனி காகிதம். கடலூர், விழுப்புரம் பக்கத்து ஜனங்களுக்குப் பெரிய வியாதி என்றால் ஜிப்மர்தான். மாமியார் அங்கேதான் கண்ணை மூடினார். உடல் கடலூருக்கு வந்தது, எரித்ததும் கடலூரில், ஆனால் இறப்புப் பதிவு கடலூரில் கிடையாது. 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, சாவு எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்தில்தான் பதிவு. ஜிப்மர் இருப்பது உழவர்கரை நகராட்சி எல்லையில். இது தெரியாமல் கடலூர் மாநகராட்சி வாசலில் போய் நின்று திரும்பிய குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நடந்த சாவை ஆஸ்பத்திரியே தெரிவித்துவிடும். நாம் பார்க்கவேண்டியது அவர்கள் எழுதுகிற பெயரை.

இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. வார்டில் படிவம் எழுதுகிறவர் நடுராத்திரியில், நூறு வேலைக்கு நடுவில் எழுதுகிறார். நாம் வாயால் சொல்வதை அவர் காதில் விழுந்தபடி எழுதுவார். மாமியாருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர், ஆதாரில் இனிஷியலோடு ஒரு பெயர். என் கணவர் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். நான் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்து, "சார், இதுல இருக்கிற மாதிரியே எழுதுங்க, ஒரு எழுத்தும் மாறாம" என்று சொல்லி, அவர் எழுதி முடிக்கும்வரை நின்றேன். பெயர், கணவர் பெயர், வயது, நிரந்தர முகவரி இந்த நான்கையும் சரிபார்த்த பிறகே நகர்ந்தேன். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில், ஓர் ஆஸ்பத்திரியில் கணவர் பெயரைத் தப்பாக எழுதிக் கொடுத்துவிட, பென்ஷன் மாற்றுவதற்கு அந்த அம்மா மாதக்கணக்கில் அலைந்தார்.

வீட்டில் இறந்தால் வழி வேறு. வழக்கமாக வைத்தியம் பார்த்த டாக்டர் வந்து பார்த்து, காரணம் எழுதித் தரவேண்டும். ஆஸ்பத்திரிச் சாவுக்குப் படிவம் 4, வீட்டுச் சாவுக்கு 4ஏ. வயதான பெற்றோரை வீட்டில் வைத்திருப்பவர்கள், பக்கத்தில் ஒரு டாக்டரிடம் அவ்வப்போது காட்டிப் பழக்கம் வைத்துக்கொள்வது இதற்காகவும்தான். முன்பின் பார்க்காத டாக்டர் எழுதித் தரத் தயங்குவார், தயங்குவதும் நியாயம். பதிவை 21 நாளுக்குள் முடித்துவிட வேண்டும். தாண்டினால் 30 நாள்வரை தாமதக் கட்டணம், ஒரு வருடம்வரை மேலதிகாரி அனுமதி, அதற்கும் மேலே போனால் மாஜிஸ்திரேட் உத்தரவு. பதிவு செய்பவர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), நகரத்தில் சுகாதார ஆய்வாளர். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று இருந்தால் கையில் ஐந்து நாள்தான் மிஞ்சும்.

விபத்து, தற்கொலை, சந்தேகச் சாவு என்றால் போலீஸ், போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் உடல் வராது. பொழுது சாய்ந்தால் போஸ்ட்மார்ட்டம் கிடையாது என்பதுதான் முன்பு வழக்கம். 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம், வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் இரவிலும் செய்யலாம் என்று அனுமதித்தது. கொலை, தற்கொலை போன்றவற்றுக்கு அது பொருந்தாது. அதனால் இப்படிப்பட்ட சாவுகளில் உடல் கைக்கு வரும்வரை 'இத்தனை மணிக்கு எடுக்கிறோம்' என்று யாருக்கும் சொல்லாதீர்கள்.

வண்டிக்கு: தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரியில் இறந்தால் இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. வாசலில் தனியார் வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அதற்கு முன்னால் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

புதுச்சேரியில் பல வீடுகளில் ஒருவராவது பிரான்சில் இருப்பார்கள். என் மாமா மகள் பாரிஸிலிருந்து வரவேண்டும் என்று மாமாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். ஒரு நாள், ஒன்றரை நாளுக்கு அது போதும். கரண்ட் போனால் என்ன செய்வது என்று பெட்டிக்காரரிடம் முதலிலேயே கேட்டுவைக்க வேண்டும். அதற்கு மேல் நாள் ஆகும் என்றால் பிணவறைதான் சரி. வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே நாள்கணக்கில் வைத்திருப்பது இருக்கிறவர்களைத்தான் சாகடிக்கும். இறந்தவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவராக இருந்தால் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பென்ஷன் விவகாரமெல்லாம் அங்கிருந்துதான் நகரும்.

அப்பாவை எடுத்தது கருவடிக்குப்பத்துக்கு. சித்தானந்த சுவாமியின் ஜீவசமாதியும் பாரதி உலவிய குயில்தோப்பும் அந்தப் பக்கம்தான். 1922-இல் புதுச்சேரியில் காலமான நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதியும் கருவடிக்குப்பம் மயானத்தில்தான் இருக்கிறது. நாடகக் கலைஞர்கள் வருடா வருடம் வந்து மாலை போடுகிறார்கள்.

அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. யார் கொள்ளி வைப்பது என்று பேச்சு எழுந்தது. பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் பெயர் அடிபட்டது. சித்தப்பாதான் குறுக்கே வந்து, "பெத்த பொண்ணு நிக்கும்போது வேற எவன் வெக்கிறது? அவளே வெக்கட்டும்" என்றார். பெண் கொள்ளி வைக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. மயானத்தில் இருந்தவர்களும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் மட்டும் இருக்கிற வீடுகளில் இதையும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. பாடை வாசலில் இருக்கும்போது பஞ்சாயத்து வைப்பதைப் போல அவமானம் இறந்தவருக்கு வேறு இல்லை.

எரிவாயு தகனமேடைக்குள் நடப்பதைப் பெண்கள் பெரும்பாலும் பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன். கொள்ளி என்பது அங்கே நெஞ்சின்மேல் கற்பூரம் ஏற்றுவதோடு சரி. உடலை இரும்புத் தள்ளுவண்டியில் மாற்றினார்கள். மாலை, பிளாஸ்டிக், பாலியெஸ்டர் வேட்டி, சென்ட் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பருத்தித் துணி ஒன்றை மட்டும் விட்டார்கள். அங்கிருந்த பணியாளர் என்னிடம், "அம்மா, நெஞ்சுல பேட்டரி கிட்டரி வெச்சிருக்கா?" என்று கேட்டார். பேஸ்மேக்கரைத்தான் கேட்கிறார். உள்ளே சூட்டில் அது வெடிக்கும், அடுப்பு சேதமாகும், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஆபத்து. பேஸ்மேக்கர் வைத்தவர் வீட்டில் இறந்தால்கூட டாக்டரைக் கூப்பிட்டு எடுத்துவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். இதைக் குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். பிறகு கதவு மேலே போனது. உள்ளே செங்கல்லெல்லாம் செக்கச் செவேல் என்றிருந்தது. வண்டி உள்ளே போய் வெறுமையாகத் திரும்பி வந்தது, கதவு இறங்கியது.

எரிவாயுவில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். அன்றைக்கே அஸ்தி கிடைத்துவிடும். விறகென்றால் மணிக்கணக்கில் எரியும், மறுநாள் காலை போய்ப் பால் தெளித்து எலும்பு பொறுக்க வேண்டும். தட்டில் வந்த சாம்பல் இன்னும் சுட்டது. அந்தப் பணியாளர் குந்தி உட்கார்ந்து, தண்ணீரும் பாலும் தெளித்து, கால் பக்கத்திலிருந்து எலும்பை எடுத்து, தலை எலும்பு மேலே வரும்படி புதுச் சட்டியில் அடுக்கினார். ஒரு துண்டைக்கூட அவர் போடவில்லை, வைத்தார்.

இவர்களுக்குக் கொடுப்பதில் கை சுருக்காதீர்கள். மயானக் கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்குவது வேறு, அந்த ரசீது பின்னால் பதிவுக்கும் ஆதாரமாக உதவும், பத்திரமாக வையுங்கள். ஆனால் வேலை செய்கிறவர் கைக்கு மரியாதையாக ஏதாவது தரவேண்டும். பழைய பட்டப் பெயரால் கூப்பிடுவதை எங்கள் குடும்பத்தில் விட்டாயிற்று, அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். அப்பாவின் முகத்தைக் கடைசியாகத் துடைத்தது அவர் கை.

கடலூரில் கம்மியம்பேட்டையில் எரிவாயு தகனமேடை இருக்கிறது. சம்பிரதாயம் பார்க்கிற பெரியவர்கள் விறகும் வறட்டியும் அடுக்கி, வைக்கோல் போர்த்தி, களிமண் பூசி எரித்தால்தான் மனசு ஆறும் என்பார்கள். அவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. ஆனால் ஐப்பசி கார்த்திகையில் எங்கள் ஊரில் அது நடக்காத காரியம். 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் என்று பார்த்தவர்கள் நாங்கள். கெடிலமும் தென்பெண்ணையும் கரை புரண்டால் ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு வழியே இருக்காது. விறகு நனைந்துபோகும், குழி வெட்டினால் தண்ணீர் ஊறும். கிராமத்தில் இடுப்பளவு தண்ணீரில் பாடை தூக்கிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் எரிவாயு மேடைதான் கைகொடுக்கும். அதற்கும் ஒரு போன் போட்டு மேடை ஓடுகிறதா, ரிப்பேரா, எந்த நேரம் காலி என்று கேட்டுவிட்டு ஊருக்கு நேரம் சொல்லுங்கள்.

எனக்கு எரிவாயு மேடையைப் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிராமங்களில் சாதிக்கொரு சுடுகாடு, பாதைக்கொரு தகராறு. இங்கே எல்லோரும் ஒரே தள்ளுவண்டியில்தான் போகிறார்கள்.

புதைக்கிற குடும்பங்களுக்கு அவரவர் வழக்கப்படி இடம் உண்டு. பாரதிதாசனைக்கூட 1964-இல் சென்னையிலிருந்து கொண்டுவந்து புதுச்சேரி பாப்பம்மாள் கோயில் இடுகாட்டில்தான் அடக்கம் செய்தார்கள். குழந்தைகளைப் பெரும்பாலும் எல்லோருமே புதைக்கிறோம். பக்கத்து வீட்டு டீச்சரின் தாய்வீடு புதுச்சேரி. பெற்றோர் கல்லறை இருக்கும் உப்பளம் கல்லறைத் தோட்டத்தில்தான் தன்னையும் வைக்கவேண்டும் என்று கேட்டிருந்தார். கிறிஸ்தவக் கல்லறையில் இடம் என்பது பங்குக் கோயில் வழியாகத்தான். பங்கில் பெயர் இருக்கிறதா, சந்தா பாக்கி உண்டா, குடும்பக் கல்லறையைத் திறக்கலாமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்க வேண்டும். டீச்சர் வருடக்கணக்காகக் கடலூரில் இருந்தவர் ஆதலால் இரண்டு பங்குக்கும் அலைந்து கடிதம் வாங்கினோம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் நானும் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு உப்பளம் போய்வருகிறேன். முஸ்லிம் வீடுகளில் இந்த அலைச்சலே கிடையாது. ஜமாஅத்துக்குச் சொன்னால் போதும், குளிப்பாட்டுவது, கஃபன் துணி சுற்றுவது, தூக்கிப்போகிற சந்தூக் பெட்டி, கபர் என்கிற குழி வெட்டுவது எல்லாம் அவர்களே பார்த்து, பெரும்பாலும் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுகிறார்கள்.

அஸ்தி கரைக்கக் கடலூர்க்காரர்கள் தேவனாம்பட்டினம் கடலுக்குப் போகிறோம். புதுச்சேரியில் சங்கராபரணி ஆற்றங்கரையில் திருக்காஞ்சி உண்டு. சட்டியோடு பிளாஸ்டிக் பையையும் தண்ணீரில் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சாம்பலை மட்டும் கரையுங்கள்.

காரியம் முடிந்த கையோடு இறப்புச் சான்றிதழ் பிரதிகளை எடுத்துக்கொண்டு பேங்க் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்தம் இருந்தால் அது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீடு, குடும்பத்துக்கு 2 லட்சம் வரவேண்டும். 20 ரூபாய் பிடித்தம் விபத்துக் காப்பீடு. பல வீடுகளில் இது இருப்பதே தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர் என்றால் ஈமச்சடங்கு உதவித்தொகைக்கு எழுதிப்போடலாம். வாரிசுச் சான்றிதழ் தாலுகா அலுவலகத்தில் வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். எல்லா வாரிசுகளின் ஆதாரும் வேண்டியிருக்கும். காரியத்துக்கு வந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கைகள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே நகல் வாங்கிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.